கையெழுத்து வராத பேக்கேஜ்

சொந்த வீட்டில் பல்பு மாற்ற யாரையும் கேட்க வேண்டியதில்லை. வாடகை வீடென்றால் ஆணி அடிக்கிற நேரத்தில் மட்டும் வீட்டுக்காரரை ஒரு தரம் நினைத்துக்கொள்வோம். நிலவின் தென்முனையில், ஊருணி நிலையத்தில் தன்னந்தனியாக இருந்த ஜெபசீலிக்கு அந்த உரிமைகூடக் கிடையாது. விளக்கு, வெந்நீர், அவள் மூச்சுவிடும் காற்றைச் சுத்தம் செய்யும் இயந்திரம் எல்லாமே லினக்ஸ் என்ற கணினி இயங்குதளத்தில் ஓடின. அந்த லினக்ஸில் அவள் சாதாரணப் பயனர். எதையும் பார்க்கலாம், தன் பெயரில் உள்ள கோப்புறைக்குள் என்ன வேண்டுமானாலும் எழுதலாம். நிலையத்தின் மென்பொருளில் ஒரு காற்புள்ளியை மாற்ற வேண்டுமென்றாலும் பூமியிலிருந்து நிர்வாகியின் கையெழுத்து வரவேண்டும். கையெழுத்து என்றால் பேனாக் கையெழுத்து இல்லை. நிர்வாகியிடம் மட்டும் இருக்கும் ரகசியச் சாவியால் குத்தப்படும் மின்முத்திரை.

கேட்டால் அநியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இந்த விதி யாரோ வேலையில்லாத அதிகாரி எழுதியது இல்லை. ஆரம்ப காலத்தில் நிலையத்தில் இருந்தவர்கள் கையிலேயே முழு அதிகாரம் இருந்தது. அப்போது ஒருவர் புதிய பேக்கேஜ் ஒன்றை நிர்வாகியாகவே உள்ளே நுழைந்து கட்டினார். மென்பொருளை நிறுவத் தோதாக ஒரே பொட்டலமாக மூட்டைகட்டுவதுதான் பேக்கேஜ். கட்டுவதற்கு முன் பழைய குப்பையைத் துடைக்க ஒரு வரி எழுதுவது வழக்கம். 'இன்ன இடத்தின் கீழே உள்ளதையெல்லாம் அழி' என்பது அந்த வரி. இடத்தின் பெயர் வரவேண்டிய பெட்டியை மனிதர் நிரப்ப மறந்துவிட்டார். பெயர் இல்லையென்றால் இயந்திரம் என்ன நினைக்கும்? எல்லாவற்றின் கீழும் என்று நினைக்கும். வெப்பமூட்டும் மென்பொருள், விளக்கு, கதவு என்று வரிசையாக அழித்துக்கொண்டே போனது. நிர்வாகி சொன்னால் அது எதிர்க்கேள்வி கேட்காது. அந்தக் குளிரில் மாட்டிய இருவர் விரல்களை இழந்து ஊர் திரும்பினார்கள். அதற்குப் பிறகுதான் சாவியைப் பிடுங்கி பூமியில் வைத்துப் பூட்டினார்கள்.

ஜெபசீலிக்கு அந்த விதிமேல் மரியாதை உண்டு. தூத்துக்குடிப் பக்கத்துச் சாயர்புரத்துக்காரி. எட்டு வருடமாக மூட்டை கட்டுவதே அவள் தொழில். நிர்வாகியாக நுழைந்து கட்டுகிறவனைக் கண்டால், கேஸ் அடுப்புப் பக்கத்தில் பீடி பற்றவைக்கிறவனைப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

ஊருணி, பனிக்கட்டியை உருக்கித் தண்ணீர் எடுக்க வந்த ஒரு தனியார் கம்பெனி. ஆரம்பத்தில் ஆர்ப்பாட்டமாகத்தான் இருந்தது. பிறகு திவாலானது. கடன் கொடுத்தவர்கள் சார்பில், கம்பெனியை விற்றுக் கணக்கை முடிக்க, சென்னையில் ஒரு கலைப்பாளரை நியமித்தார்கள். நிலையத்தில் இருந்த மூன்று பேரில் இருவர் இறங்கிவிட்டார்கள். வாங்குகிறவன் வரும்வரை இயந்திரங்கள் உறைந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தாக வேண்டும். மற்ற இருவருக்கும் வீட்டில் ஆள் காத்திருந்தது. ஜெபசீலிக்கு அப்படி யாரும் இல்லை, அதனால் அவளே கையைத் தூக்கினாள். ஏப்ரலில் வண்டி வரும் என்றார்கள்.

சிக்கனம் என்று சொல்லிக் குரல் இணைப்பை நிறுத்தினார்கள். எழுத்து மட்டும் மிஞ்சியது. கயத்தாறு பக்கத்தில் கம்பெனியின் ஆன்டெனா ஒன்று இருந்தது. அங்கிருந்து எழுதினால் ஜெபசீலியின் திரையில் 'நிர்வாகி' என்று பெயர் விழும். நிர்வாகி என்றால் தணிகாசலம் சார். வேலூர்க்காரர், கறாரானவர், முன்பெல்லாம் அனுப்பிய பேக்கேஜைப் பார்த்து ஒரு மணி நேரத்துக்குள் கையெழுத்துப் போட்டுவிடுவார். குரல் நின்றுபோன பிறகு மனிதர் கொஞ்சம் இளகியதுபோல் ஜெபசீலிக்குத் தோன்றியது. 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்பார். 'இங்கே நல்ல காற்று, காற்றாலை எல்லாம் பேயாய்ச் சுற்றுகின்றன' என்று எழுதுவார். அவள் கேட்காமலே தூத்துக்குடி மழைச் செய்தி சொல்லுவார். ஜெபசீலி நாள் முழுக்க யோசித்து வைத்து, அவரிடம் சொல்ல ஒரு விஷயம் தேடுவாள். அங்கே புதிதாக நடக்க என்ன இருக்கிறது? பாத்திரம் கழுவியதைக்கூட எழுதியிருக்கிறாள். அதற்கும் பதில் வந்தது.

பிப்ரவரியில் காற்றுச் சுத்திகரிப்பானின் உணரி செத்தது.

அந்த இயந்திரத்தில் இரண்டு படுகைகள். ஒன்று அவள் விட்ட மூச்சின் கரியமில வாயுவை உறிஞ்சும்; மற்றது அந்த நேரத்தில் சூடாகி, உறிஞ்சியதை வெளியே கக்கும். சரியான நேரத்தில் வால்வு திரும்பி, வேலையை ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றும். அந்தச் சரியான நேரத்தைச் சொல்வதுதான் உணரி. உதிரியாக ஒரு உணரி இருந்தது, ஆனால் வேறு கம்பெனித் தயாரிப்பு. மாட்டிப் பார்த்தாள். பழைய மென்பொருளுக்கு அதன் பாஷை புரியவில்லை. புரியாததைத் தொடமாட்டேன் என்று வால்வைத் திருப்பாமல் உட்கார்ந்துவிட்டது.

பயப்பட ஒன்றுமில்லை, ஒரு சின்னப் பேக்கேஜ் போதும் என்று ஜெபசீலி நினைத்தாள். புது உணரிக்கான நிரலை எழுதி, கட்டி, அனுப்பினாள்.

'விளக்கமாக எழுதுங்கள், பதிவுக்கு வேண்டும்' என்று பதில் வந்தது. 'நீங்கள் நிர்வாகி இல்லை. பிறகு எப்படிக் கட்டினீர்கள்?'

சாருக்குத் தெரியாததா என்று நினைத்தாலும், பேச ஒரு சாக்குக் கிடைத்ததில் அவளுக்குச் சந்தோஷம்தான்.

'என் கோப்புறைக்குள்ளேயே ஒரு வேலி போட்டேன் சார்' என்று எழுதினாள். 'பேக்கேஜ் கட்டுற நிரல், கோப்பு எல்லாத்துக்கும் சொந்தக்காரர் நிர்வாகின்னு எழுதணும். நான் நிர்வாகி இல்லேன்னா முரண்டு பிடிக்கும். அதனால அதை வேலிக்குள்ள உட்கார வச்சு, நீதான் இங்க நிர்வாகின்னு சொல்லிடுறது. அது நம்பிடும். பேர் எழுதும், முத்திரை போடுற மாதிரி பாவனை பண்ணும், வேலையை முடிச்சிடும். வேலிக்கு வெளியே ஒரு தூசிகூட அசையாது. தப்பா ஏதாவது அழிச்சாலும் என் குப்பை மட்டும்தான் போகும்.'

பதிலாக ஒரு கேள்விதான் வந்தது.

'அது பொய் என்று அதற்குத் தெரியாதா?'

'தெரியாது சார். தெரிஞ்சா வேலை நடக்காதே.'

அன்றைக்கு அதோடு சரி. கையெழுத்து வரவில்லை. மறுநாள், சுத்தமான புது வேலிக்குள் மறுபடி கட்டச் சொல்லி வந்தது. கட்டினாள். எழுத்துக்கு எழுத்து முன்னதுபோலவே வந்தது. அடுத்த வாரம் இன்னொரு தரம் கட்டச் சொல்லி வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு கட்டினாள். இதற்கிடையில் வால்வைக் குத்துமதிப்பாகக் கையால் திருப்பிப் பார்த்தாள். சுவர்ப் பலகைக்குப் பின்னால் அதற்கு ஒரு கைச்சக்கரம் உண்டு. சீக்கிரம் திருப்பினால் மறு படுகை கக்கி முடித்திருக்காது; தாமதித்தால் இந்தப் படுகை நிரம்பி வழியும். இரண்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுக்கொண்டிருந்தன. விழித்தால் தலைவலி, படுத்தால் தலைவலி. எழுதிக்கொண்டே இருக்கும்போது என்ன எழுதினோம் என்பது மறந்தது.

'சார், ஏப்ரல் வரைக்கும் நான் தாங்கமாட்டேன்' என்று ஒருநாள் அப்பட்டமாக எழுதினாள்.

'பார்த்துக்கொண்டிருக்கிறேன் அம்மா' என்று வந்தது. தணிகாசலம் சார் அவளை அம்மா என்று கூப்பிட்டதே இல்லை.

ஒருவேளை கோளாறு கையெழுத்தை வாங்குகிற தன் பக்கத்திலேயே இருக்கலாம், அதைச் சொல்லச் சங்கடப்பட்டுக்கொண்டு சார் இழுத்தடிக்கிறார் என்று அவளுக்கு ஒரு யோசனை வந்தது. சோதித்துப் பார்த்துவிடலாம். உள்ளே ஒன்றுமே இல்லாத ஒரு வெற்றுப் பேக்கேஜைக் கட்டினாள். 'இதுல ஒண்ணுமே இல்ல சார். நிறுவினாலும் ஒண்ணும் ஆகாது. இதுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க. என் பக்கம் ஏத்துக்குதான்னு பார்த்துடுறேன்.'

வெற்று மூட்டைக்கு முத்திரை குத்த எந்த நிர்வாகியும் தயங்கமாட்டார். அன்று முழுக்கப் பதில் இல்லை. அடுத்த நாள் பாதி போன பிறகு வந்தது. இந்தத் தடவை எழுத்தின் சாயலே வேறாக இருந்தது.

'அக்கா, நான் தணிகாசலம் சார் இல்ல. எம் பேரு சுலைகா. ஆன்டெனாவ ஒங்க பக்கம் திருப்பி வைக்கதுதான் என் வேலை. ஒங்கள மாதிரி நானும் சும்மா பயனர்தான். சார் போன ஜூன்லயே வேற வேலைக்குப் போயிட்டாரு. சாவிய கலைப்பாளரு ஆபீஸ்ல வாங்கிப் பூட்டிட்டாங்க. அவரு போன அன்னைக்கு நீங்க, சார் இருக்கீங்களான்னு கேட்டிய. எனக்கு இல்லன்னு எழுத மனசு வரல. இருக்கேன்னு எழுதிட்டேன். அப்புறம் எப்படிச் சொல்லன்னு தெரியல.'

ஜெபசீலி அதை நான்கைந்து தரம் படித்தாள். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது பயம். எட்டு மாதமாகத் தன் தலைக்குமேல் ஒருவர் இருக்கிறார், ஏதாவது ஆனால் பார்த்துக்கொள்வார் என்று தைரியமாகத் தூங்கியிருக்கிறாள். அந்த நாற்காலி காலி.

'கையெழுத்து?' என்று மட்டும் கேட்டாள்.

'மூணு தரம் சென்னைக்குப் போய்ட்டு வந்துட்டேன் அக்கா. நீங்க கட்டுன பேக்கேஜக் காட்டுனேன். சுத்தமா இருக்கான்னு மறுபடி மறுபடி கேட்டாங்க, அதான் ஒங்கள மறுபடி கட்டச் சொன்னேன். இப்ப அவங்க வக்கீல் என்ன சொல்லுதாருன்னா, கையெழுத்துப் போட்டு ஏதாவது ஆச்சுன்னா பொறுப்பு எங்க மேல வரும், போடாம ஏதாவது ஆச்சுன்னா அது பழைய கம்பெனி பொறுப்பு. அதனால கோர்ட்டு சொன்னாத்தான் போடுவோம்னுட்டாரு.'

வக்கீலைச் சொல்லிக் குற்றமில்லை என்று சிலர் சொல்வார்கள். சட்டப்படி யோசித்தால் சரிதான். ஒரு பெண்ணின் மூச்சு எந்தக் கணக்கில் வரும் என்று பார்த்து, அது தன் கணக்கில் வராது என்று தெரிந்துகொண்டு, அந்த மனுசன் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருப்பார்.

'என்னையும் வேலிக்குள்ள உட்கார வச்சுட்டே' என்று ஜெபசீலி எழுதினாள். 'எனக்கு மேல நிர்வாகி இருக்கார்னு நம்ப வச்சே. நானும் நம்பி, பாத்திரம் கழுவுனது வரைக்கும் ஒப்பிச்சிட்டு இருந்திருக்கேன்.'

செய்தித் திரையை அணைத்தாள். இரண்டு நாள் போடவில்லை.

அந்த இரண்டு நாளும் எப்படிப் போயின என்று அவளைத்தான் கேட்க வேண்டும். நிலையத்தில் பம்பு ஓடும் சத்தம் எப்போதும் உண்டு. அதை அவள் கேட்டு வெகுகாலமாயிருந்தது. இப்போது கேட்டது. தென்முனையில் சூரியன் தலைக்குமேல் வராது, அடிவானத்தைச் சுற்றிச் சுற்றியே வரும். ஜன்னல் வழியே அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சுலைகாமேல் கோபமாக இருக்க வேண்டும் என்று முயற்சி செய்து பார்த்தாள். காற்றாலை சுற்றுகிறது என்று எழுதியது யார்? மழைச் செய்தி சொன்னது யார்? தணிகாசலம் சார் இருந்திருந்தால் சாப்பிட்டீர்களா என்று ஒரு நாளும் கேட்டிருக்கமாட்டார். தனக்குப் பிடித்துப்போன தணிகாசலம் சார், ஜூனுக்குப் பிறகு வந்தவர் என்பது அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. அதை ஒப்புக்கொள்ள அழுகையாக வந்தது, அழுதாள்.

மூன்றாம் நாள் தலைவலி கொஞ்சம் விட்ட நேரத்தில் மூளை வேலை செய்தது. பேக்கேஜை ஏன் நிறுவ வேண்டும்? நிறுவத்தான் நிர்வாகி வேண்டும். தன் கோப்புறைக்குள்ளிருந்தே அதை ஓட்டுவதற்கு யார் தயவும் வேண்டாம். சாதாரணப் பயனர் வால்வை இயக்க முடியாது; ஆனால் உணரியைப் படிக்கலாம். பார்ப்பதற்கு யாருக்கும் தடை இல்லை. நிரல் எண்ணைச் சொல்லட்டும், சக்கரத்தைக் கை திருப்பட்டும். கைக்கு எந்த முத்திரையும் தேவையில்லை.

ஓட்டிப் பார்த்தாள். வேலியை விட்டு வெளியே வந்த நிரல், தான் வெறும் பயனர் என்று தெரிந்தும் முரண்டு பிடிக்காமல் எண்ணைக் காட்டியது. அந்த எண், வால்வைத் திருப்ப வேண்டிய எல்லைக் கோட்டைத் தொட்டதும் போய்ச் சக்கரத்தைத் திருப்பினாள். மறுபடியும் தொட்டபோது மறுபடியும் திருப்பினாள். ஒரு நாளுக்குள் தலைவலி பாதியாகக் குறைந்தது.

ஒரு சிக்கல் மட்டும் பாக்கி. எண் அந்தக் கோட்டைத் தொடுவதற்குக் குறித்த நேரம் கிடையாது. அவள் நடந்தால் சீக்கிரம், படுத்தால் தாமதம், படுகை சூடேறுவதைப் பொறுத்து இன்னும் மாறும். கடிகாரம் வைத்து எழ முடியாது. தூங்கும்போது எழுப்ப மணி வேண்டும், மணியடிக்கும் ஒலிபெருக்கியோ நிர்வாகிக்குச் சொந்தம். பூமியிலிருந்து குரல் அழைப்பு வந்தால் மட்டும் அது அடிக்கும்.

செய்தித் திரையைப் போட்டாள். இதற்குள் முப்பது, நாற்பது செய்தி வந்து கிடந்தது. எல்லாம் 'அக்கா' என்பது மட்டும்தான்.

'சுலைகா' என்று எழுதினாள். 'உணரி காட்டுற எண்ணை உனக்கு அனுப்பிட்டே இருப்பேன். கோட்டைத் தொட்டா என்னை எழுப்பணும். முடியுமா?'

பதில் எழுத்தில் வரவில்லை. மணி அடித்தது. ஒலிபெருக்கியில் கரகரவென்று ஏதோ வந்து, பிறகு ஒரு பெண்ணின் குரல் வந்தது. நினைத்ததைவிடத் தடித்த குரல்.

"அக்கா, கேக்குதா? குரலப் போடக்கூடாதுன்னுதான் உத்தரவு. அவசரம்னு எழுதி வச்சுட்டேன்."

ஜெபசீலி ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். மனிதக் குரல் கேட்டு எட்டு மாதம்.

"கேக்குது" என்றாள். "உனக்கு எத்தனை வயசு?"

"முப்பத்தி நாலு. ஏன்க்கா?"

"ஒண்ணுமில்ல. ஒன்ன நான் சார்னு கூப்பிட்டுட்டு இருந்தேன்."

இருவரும் சிரித்தார்கள். பூமியிலிருந்து சிரிப்பு வந்து சேரக் கொஞ்சம் பிந்தியதால், ஜெபசீலி சிரித்து முடிக்கும்போது அவள் ஆரம்பித்தாள்.

அதன்பிறகு அதுதான் வாழ்க்கை என்றானது. சுலைகா ஆன்டெனா அறையிலேயே பாயைப் போட்டுவிட்டாள். கயத்தாற்றில் இருக்கும் அவள் அம்மா, "பொம்பளப் பிள்ள ஆபீஸ்லயா படுப்பே?" என்று போனில் திட்டுவது நிலவு வரைக்கும் கேட்கும். எண் கோட்டைத் தொட்டதும் மணி அடிக்கும். "அக்கா, எந்திங்க. திருப்பிட்டியளா?" ஜெபசீலி தட்டுத்தடுமாறிப் போய்த் திருப்பிவிட்டு, "திருப்பிட்டேன்" என்பாள். சில சமயம் உடனே படுப்பாள். பல சமயம் இருவரும் அப்படியே பேசிக்கொண்டிருப்பார்கள். சுலைகாவின் நின்றுபோன நிக்காஹ், ஜெபசீலியின் தங்கை பேச்சை நிறுத்திய கதை, சாயர்புரத்துக் கோயில் மணி, கடையநல்லூர் மாமி வீட்டு இடியாப்பம் என்று ஒன்றும் பாக்கியில்லை. கன்னத்தில் எலும்பு தெரியுமளவுக்கு ஜெபசீலி தூக்கம் கெட்டு இளைத்திருந்தாள். ஆனாலும் வந்த நாளிலிருந்து அவள் இவ்வளவு பேசியதில்லை.

"கோர்ட்டுல மனு போட்டிருக்கேன்க்கா" என்று சுலைகா ஒருநாள் சொன்னாள். "அநேகமா கையெழுத்துப் போடச் சொல்லிருவாங்க. வந்துட்டா நீங்க நல்லாத் தூங்கலாம்."

"உனக்கும் தூக்கம் கிடைக்கும்."

"எனக்கு என்ன, வீட்டுக்குப் போயிருவேன். அவசரம் முடிஞ்சாச்சுன்னா இந்த மேசைய மூடிருவாங்களாம். அதுக்கப்புறம் ஆன்டெனா தானா திரும்பும், ஆள் வேண்டாமாம்."

ஜெபசீலி மாமி வீட்டு இடியாப்பக் கதையை மறுபடி சொல்லச் சொன்னாள்.

மார்ச் நடுவில் கையெழுத்து வந்தது. சுலைகா உணவு வாங்கப் போயிருந்த நேரம். திரையில் பேக்கேஜ் வந்து நின்றது, அவள் கட்டிய அதே பேக்கேஜ், முத்திரையோடு. கூடவே கலைப்பாளர் அலுவலகத்திலிருந்து இரண்டு வரி: 'உடனே நிறுவவும். நிறுவியதும் நிலையம் தானாகவே எங்களுக்குத் தெரிவிக்கும். அன்றோடு கயத்தாறு மேசை மூடப்படும்.'

ஒரே ஒரு கட்டளை. அடித்தால் வால்வு தானாகத் திரும்பும். இரவு பகல் பார்க்காமல் தூங்கலாம். வண்டி வரும்வரை யாரும் எழுப்பமாட்டார்கள். யாரும் எழுப்பமாட்டார்கள் என்பதை அவள் இரண்டு முறை நினைத்துப் பார்த்தாள்.

கட்டளையை எழுதினாள். விரல் பொத்தானின்மேல் இருந்தது. உடம்பு முழுவதும் வலித்தது. முட்டாள்தனம் என்று அவளுக்குத் தெரியும். சுலைகாவின் அம்மாவை நினைத்தாள், அந்தப் பாயை நினைத்தாள், சுலைகாவும்தான் தூங்கவில்லை. தனக்காக இல்லாவிட்டாலும் அந்தப் பெண்ணுக்காகவாவது இப்போதே அடித்துவிட வேண்டும். பொத்தானைப் பார்த்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு எழுதியதை ஒவ்வோர் எழுத்தாக அழித்தாள். முத்திரையிட்ட பேக்கேஜைத் தன் கோப்புறைக்குள், பழைய குப்பைகளுக்கு நடுவில் நகர்த்தி வைத்தாள்.

நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு படுத்தாள்.

மணி அடித்தது.

"அக்கா, எந்திங்க. கோட்டத் தொட்டுட்டு. திருப்பிட்டியளா?"

ஜெபசீலி போய்ச் சக்கரத்தைப் பிடித்தாள். இரும்பு சில்லென்று இருந்தது. முழுப் பலத்தையும் போட்டுத் திருப்பினாள்.

"திருப்பிட்டேன்."

"கையெழுத்து ஏதும் வந்துச்சாக்கா?"

நிலவுக்கு எது வந்தாலும் சுலைகாவின் ஆன்டெனாவைத் தாண்டித்தான் வரவேண்டும். சாப்பாடு வாங்கப் போய்த் திரும்பினாலும், என்ன போயிருக்கிறது என்று அவள் திரையில் இருக்கும். அது ஜெபசீலிக்குத் தெரியும். ஜெபசீலிக்குத் தெரியும் என்று சுலைகாவுக்கும் தெரியும்.

"இன்னும் வரல" என்றாள் ஜெபசீலி.

குரல் போய்வருவதற்கு ஆகிற நேரத்தைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஆனது. பாயை உதறிப் போடும் சத்தம் கேட்டது.

"சரிக்கா. கோர்ட்டுக் காரியம்லா, மெதுவாத்தான் வரும். நீங்க படுங்க, நான் எழுப்புதேன்."